கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள், சரக்குக்கு எங்கே போவது?

கேள்வி: திருச்சியில் நான்கு ஆண்டுகளாக இயற்கை அங்காடி நடத்துகிறேன். வருடத்துக்கு வருடம் கேட்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். மாதம் தவறாமல் வாங்கும் குடும்பங்கள் மட்டும் இப்போது 150. பாரம்பரிய அரிசி மாதம் 600 கிலோ போகிறது. பொங்கல் முடிந்து வரும் சரக்கு ஆடி பிறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. மாப்பிள்ளைச் சம்பா தருவதாகச் சொன்ன இரண்டு விவசாயிகள் போன அறுவடையில் களத்திலேயே வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள். இப்போது ஒரு மொத்த வியாபாரி, "எந்த ரகம் வேண்டும், எத்தனை டன் வேண்டும், சொல்லுங்கள், கிலோ 58 ரூபாய்" என்கிறார். சான்றிதழ் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. அவரிடம் வாங்கலாமா? நாடு முழுக்க இயற்கை விவசாயம் பெருகுகிறது என்கிறார்களே, அந்த விளைச்சலெல்லாம் எங்கே போகிறது?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்த வியாபாரியிடம் வாங்க வேண்டாம். அவருக்குச் சீக்கிரமே பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி உங்கள் கடிதத்தில் தெரிவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டெல்டாவில் உரம், மருந்து போட்டுப் புது ரகம் நடும் ஒருவர் ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 60 கிலோ என்றால் 1,800 கிலோ நெல். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகத்தின் விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆக ஏக்கருக்கு 45,000 ரூபாய். பக்கத்து வயல்காரர் தொழுவுரமும் பசுந்தாள் உரமும் போட்டு மாப்பிள்ளைச் சம்பா நடுகிறார். அவருக்கு 15 மூட்டை வந்தால் 900 கிலோ. அவரும் அதே 45,000 ரூபாயைப் பார்க்க வேண்டுமானால் நெல்லே கிலோ 50 ரூபாய்க்குப் போக வேண்டும். அவருக்கு உரச் செலவு மிச்சம், வைக்கோலும் கூடுதலாகக் கிடைக்கும். அந்த மிச்சத்தையெல்லாம் களையெடுக்கும் கூலி விழுங்கிவிடும். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 60 கிலோ அரிசி தேறும் என்று கொண்டால், அரிசியின் அடக்கம் 83 ரூபாய். அரவைக் கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, சாக்கு எல்லாம் சேர்ந்து உங்கள் கடை வாசலுக்கு வரும்போது 90 ரூபாயைத் தொட்டுவிடும். சரி, மண் நன்றாகத் தேறிய வயல், 20 மூட்டை விளைந்தது என்று தாராளமாகவே வைப்போம். அப்போதும் அரிசியின் அடக்கம் 62 ரூபாய்க்கு மேல்தான், அரவைக் கூலி சேர்க்காமலே.

உங்களுக்கு வந்திருக்கும் விலை 58. அதற்குள் அவருடைய லாபமும் இருக்கிறது. அந்த அரிசி சொன்னபடி விளையாததாக இருக்க வேண்டும், அல்லது விளைவித்தவர் பக்கத்து வயல்காரரைவிட நஷ்டப்பட்டு விற்றிருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் உங்கள் கடையில் வைக்கத் தகுந்த சரக்கு அல்ல. "எந்த ரகமானாலும், எத்தனை டன்னானாலும்" என்ற பேச்சும் எனக்குச் சரியாகப் படவில்லை. உண்மையாகவே இயற்கை விளைபொருள் வைத்திருப்பவர் இன்ன ஊர், இன்னாருடைய நெல், இத்தனை மூட்டைதான் மிச்சம் என்றுதான் பேசுவார்.

வாட்ஸ்அப்பில் வந்த சான்றிதழைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள அபெடா நிறுவனம் நடத்தும் என்.பி.ஓ.பி. என்ற தேசிய இயற்கை விளைபொருள் சான்றிதழ்த் திட்டத்தில் இரண்டு வகைத் தாள்கள் உண்டு. ஒன்று ஸ்கோப் சர்டிபிகேட். இந்தப் பண்ணையோ நிறுவனமோ இந்தப் பயிர்களுக்கு, இந்தத் தேதிவரை சான்று பெற்றிருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். உங்களிடம் வரும் அந்த 20 மூட்டை அங்கிருந்துதான் வந்தது என்று அது சொல்லாது. அதைச் சொல்வது டி.சி. என்று கூப்பிடும் பரிவர்த்தனைச் சான்று. ஒவ்வொரு விற்பனைக்கும் அளவு குறிப்பிட்டுத் தனியாகத் தருவார்கள். பெரும்பாலும் உங்களுக்கு வந்திருப்பது முதல் வகையாகத்தான் இருக்கும். அதில் மாப்பிள்ளைச் சம்பாவோ நெல்லோ பயிர்ப் பட்டியலில் இருக்கிறதா, தேதி முடியவில்லையா, பெயர் அவருடையதா என்று பாருங்கள். பிறகு, "இந்தச் சரக்குக்கு டி.சி. கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்த்தாலே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

நாட்டின் விளைச்சலெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். இயற்கை விவசாயிகளின் எண்ணிக்கையில் உலகத்திலேயே முதலிடம் நமக்குத்தான். சான்று பெற்ற பரப்பில் பெரிய பங்கு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே விளைவதில் பருத்தியும் சோயாவும் கணிசம். 2020-21 நிதியாண்டில் மட்டும் இந்தியா ஏறத்தாழ நூறு கோடி டாலருக்கு இயற்கை விளைபொருள்களை ஏற்றுமதி செய்தது. ஆக, எண்ணிக்கை பெரிது என்பதால் உங்கள் கடைக்கு வேண்டிய கருப்பு கவுனியும் குதிரைவாலியும் பெருகிவிட்டன என்று ஆகாது. சிக்கிமை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் முழு இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவித்தார்கள். 2018இல் இயற்கையல்லாத காய்கறிகள் பல மாநிலத்துக்குள் வரத் தடை போட்டபோது சந்தையில் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்தன. அங்கே மக்களின் சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் நெடுங்காலமாக மேற்கு வங்கத்தின் சிலிகுரி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

விரும்புகிறவர்கள் கூடும் வேகத்துக்கு வயல் கூட முடியாது. ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று ஆண்டு மாறுதல் காலம் என்பதுதான் சான்றிதழ் விதி. அந்தக் காலத்தில் விவசாயிக்கு விளைச்சல் குறையும், இயற்கை என்று சொல்லி விலையும் கேட்க முடியாது. பலர் கழன்றுகொள்வது அந்தக் காலத்தில்தான். டெல்டாவில் இன்னொரு சிரமம், தண்ணீர் வயலுக்கு வயல் பாய்வது. மேல்வயலில் உரம் போட்ட தண்ணீர் வரப்பு உடைத்து இவர் வயலுக்குத்தான் வரும். மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றடித்தால் படுத்துவிடும். படுத்த பயிரை மெஷின் சரியாக அறுக்காது, ஆள் விட்டு அறுக்கக் கூலி கட்டாது. மெஷினும் முந்தின நாள் யாரோ ஒருவர் வயலில் ஆடுதுறை ரகத்தை அறுத்துவிட்டு அப்படியே இங்கே வரும். தொட்டியில் தங்கியிருக்கும் நெல் இவருடைய முதல் மூட்டையில் விழும். சாணத்துக்கு மாடு வேண்டும், மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு கிலோ அரிசி உங்கள் கடைக்கு வருகிறது. இதை உங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். விலையைப் பற்றிய முணுமுணுப்பு பாதி அங்கேயே அடங்கிவிடும்.

இனி உங்கள் கடை. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்த்தேன். மாதம் 600 கிலோ என்றால் ஆண்டுக்கு 7,200 கிலோ அரிசி. அதற்கு 12,000 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு 900 கிலோ என்றால் பதிமூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். ஒரு வயல் மழையில் போனாலும் சமாளிக்க 16 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்றால் எட்டு விவசாயிகள்! நாட்டின் தட்டுப்பாட்டை நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, லால்குடிப் பக்கங்களில் எட்டுப் பேரைத் தேடிக்கொண்டால் உங்கள் 150 குடும்பங்களுக்குச் சாப்பாடு ஆகிவிடும். இத்தனை நாளும் நீங்கள் அறுவடைக்குப் பிறகு சரக்கைத் தேடிப் போகிறீர்கள். தேட வேண்டியது விதைப்புக்கு முன்னால், தேட வேண்டியது ஆட்களை. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மீதியெல்லாம் இதைச் செய்யும் வழிகள்.

வாக்கு மாறிய அந்த இரண்டு பேர்மேல் உங்களுக்கு வருத்தம் இருக்கிறது. நியாயம்தான். ஆனால் அவர்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். "விளைந்ததும் சொல்லுங்கள், எடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். விலை பேசியிருக்க மாட்டீர்கள், முன்பணமும் போயிருக்காது. அறுத்த அன்றே மெஷின் வாடகை கொடுக்க வேண்டும், ஆள் கூலி கொடுக்க வேண்டும், நகைக்கடன் வட்டி நிற்கும், பனியில் நெல் நனையும். அந்த நேரத்தில் ஒருவர் கையில் ரொக்கத்தோடு களத்தில் வந்து நிற்கிறார். நீங்களோ மாதம் பத்து மூட்டையாக எடுத்துக்கொண்டு மாதாமாதம் பணம் தருவீர்கள். அவர் யாருக்குப் போடுவார்? முடிந்தால் அந்த இருவரையே திரும்பப் போய்ப் பாருங்கள். விளைவிக்கத் தெரிந்தவர்கள், அவர்களை இழக்காதீர்கள்.

இம்முறை போகும்போது நாலு விஷயத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். விலை முதலில். நெல்லுக்குக் கிலோ இவ்வளவு என்று விதைப்புக்கு முன்பே பேசி முடியுங்கள். அறுவடையில் சந்தை விலை குறைந்தாலும் நீங்கள் குறைக்கக்கூடாது, ஏறினால் எவ்வளவு ஏற்றித் தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அடுத்தது பணம். பேசிய தொகையில் ஒரு பகுதியை நடவின்போதும் ஒரு பகுதியை அறுவடையன்றும் கொடுத்துவிட்டால், மீதியை நெல் எடுக்க எடுக்கக் கொடுப்பதற்குப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். மூன்றாவது தரம். ஈரப்பதம், பதர், கலப்பு எவ்வளவு வரை ஏற்பீர்கள் என்பது. "நல்ல நெல்லாக" என்று எழுதினால் சண்டைதான் வரும். நாலாவது, பயிர் போய்விட்டால் கொடுத்த முன்பணம் என்ன ஆகும் என்பது. இதைப் பேசக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பாதியை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள், பாதியை அடுத்த ஆண்டு நெல்லில் கழித்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. வெள்ளத்தில் பயிர் அழிந்த வருடத்தில் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கும் கடைக்கு எந்த விவசாயியும் இரண்டாம் முறை விதைக்க மாட்டார்.

பணத்துக்கு எங்கே போவேன் என்று கேட்பீர்கள். 12,000 கிலோ நெல் 50 ரூபாய் வீதம் 6 லட்சம் ரூபாய். உங்களிடம் 150 குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு 4,000 ரூபாய் என்றால் அதே 6 லட்சம். எல்லோரும் தர மாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. ஐம்பது குடும்பங்கள் முன்பணம் கட்டினாலே 2 லட்சம் ஆயிற்று. நடவுக்கும் அறுவடைக்கும் கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதிக்கு அது ஆகும். கட்டுகிறவர்களுக்கு மாதம் 4 கிலோ அரிசியை முன்னுரிமையாகத் தாருங்கள், கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். ரசீது கட்டாயம். எந்த ரகம், எந்த மாதம் முதல், விளைச்சல் போனால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஜப்பானில் 1970களில் தெய்கெய் என்ற பெயரில் இது நடந்தது. நஞ்சில்லாத உணவு கேட்ட குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, விவசாயி விளைவிப்பதை எடுத்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள். நம் ஊரில் இதற்கு ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். மாதாமாதம் சீட்டுக் கட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதே அல்ல.

ஆடிக்குள் சரக்கு தீர்வதற்குப் பணம் மட்டும் காரணம் இல்லை. நீங்கள் விற்கும் ரகங்கள் முக்கால்வாசி சம்பாப் பட்டத்தில் வருபவை. மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் ஐந்து, ஆறு மாதப் பயிர்; கருப்பு கவுனியும் ஏறக்குறைய அப்படித்தான். எல்லாம் ஒரே நேரத்தில் தை, மாசியில் வந்து குவியும். எட்டுப் பேரில் இரண்டு, மூன்று பேரைக் குறுவையில் பூங்கார், கருங்குறுவை போடச் சொல்லுங்கள். பம்புசெட் இருப்பவர்களாகப் பாருங்கள். மேட்டூர் திறப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அந்த நெல் புரட்டாசி வாக்கில் களத்துக்கு வந்துவிடும். உங்களுக்குச் சரக்கில்லாத மாதங்கள் அவைதானே. விதைக்கு அலைய வேண்டாம். மறைந்த நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழா திருத்துறைப்பூண்டியில் ஆண்டுதோறும் நடக்கிறது. 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கும் முறையை அவர் அங்கே பழக்கப்படுத்தினார். விதையோடு விதைப்பவர்களும் உங்களுக்கு அங்கே அறிமுகமாவார்கள்.

நெல்லை நெல்லாகவே வையுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பெரிய கிடங்குகளில் வண்டுக்குப் புகை மாத்திரை வைப்பார்கள், நாம் வைக்க முடியாது. அரிசியாக்கி மூன்று மாதம் வைத்தால் வண்டும் அந்துப்பூச்சியும் வரத்தான் செய்யும். தவிடு நீக்காத அரிசியென்றால் சிக்குவாடையும் அடிக்கும். நன்றாகக் காய்ந்த நெல், ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்குள் இருந்தால், தரையில் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்கி ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளலாம். பல்லால் கடித்துப் பார்த்துச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இரு பக்கமும் வாக்குவாதம் இருக்காது. 12,000 கிலோ என்பது 200 மூட்டை. அதில் பாதியை விவசாயிகள் வீட்டிலேயே வைத்திருக்க மூட்டைக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை கொடுத்துவிடலாம். மாதம் 1,000 கிலோ அரைத்தால் உங்கள் தேவைக்குச் சரியாக இருக்கும்.

அரைக்கும் இடத்தில்தான் பாதி நேர்மை தொலைகிறது. பெரிய மில்லில் 1,000 கிலோவை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். சிறிய மில்லாகப் பிடியுங்கள், காலையில் முதல் அரவை உங்களுடையதாக இருக்கட்டும். முந்தின நாள் அரைத்தது எலிவேட்டரிலும் சல்லடையிலும் தங்கியிருக்கும். துடைத்துவிட்ட பிறகும், முதலில் விழும் ஒரு மூட்டை அரிசியைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதை இயற்கை அரிசி என்று விற்க வேண்டாம். கருப்பு கவுனி அரைக்கும் அன்று நின்று பாருங்கள், கறுப்பு அரிசிக்கு நடுவே வெள்ளை அரிசி எத்தனை நேரம் கலந்து வருகிறது என்று கண்ணுக்கே தெரியும். வயல் சுத்தமாக இருந்தும் பிறகு கெட்டுப்போவதற்குப் பெரிய உதாரணமும் உண்டு. 2020இல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பது தெரிந்து சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். அது விளைந்த வயலில் தெளிக்கும் மருந்து அல்ல. அறுவடைக்குப் பின் கிருமி நீக்கப் பயன்படுத்துவது. இயற்கை எள்ளும் அதில் சிக்கியது.

உங்கள் எட்டுப் பேருக்குச் சான்று வேண்டுமா என்றால், வேண்டும். தனியாளாக என்.பி.ஓ.பி. எடுக்கும் செலவு அவர்களுக்குக் கட்டாது. வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். முறை இவர்களுக்காகவே இருப்பது போன்றது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி சொல்வார்கள். மாறுதல் காலத்தில் பி.ஜி.எஸ். கிரீன், முடிந்த பிறகு பி.ஜி.எஸ். ஆர்கானிக் என்று முத்திரை கிடைக்கும். உள்நாட்டு விற்பனைக்கு இது செல்லும். உங்கள் மாவட்ட வேளாண் அலுவலகத்திலும், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றுத் துறையின் அலுவலர்களிடமும் கேளுங்கள், வழிகாட்டுவார்கள். 2017இன் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் பொருளுக்கு என்.பி.ஓ.பி., பி.ஜி.எஸ். இரண்டில் ஒரு சான்று இருக்க வேண்டும். விவசாயியே நேரடியாகச் சாப்பிடுபவருக்கு விற்றால் விலக்கு உண்டு. நடுவில் கடை வந்துவிட்டால் அந்த விலக்கை நம்பாதீர்கள். சான்று வரும்வரை பொட்டலத்தில் ஆர்கானிக் என்று அச்சிடாமல், ஊர், ரகம், அறுவடை மாதம், மாறுதல் காலத்தில் எத்தனையாவது ஆண்டு என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மாறுதல் கால நெல்லையும் கொஞ்சம் கூடுதல் விலைக்கு வாங்குங்கள். அந்த இரண்டு வருடத்தைத் தாண்ட விவசாயிக்குக் கைகொடுக்கும் கடை கிடைத்தால்தான் அடுத்த எட்டுப் பேர் உருவாவார்கள்.

கடையின் மற்ற பொருள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துவரம்பருப்பு நம் பக்கம் குறைவு, பெரும்பகுதி கர்நாடகம், மகாராஷ்டிரத்திலிருந்து வருவது. அதை விவசாயியைத் தேடிப் பிடிக்க முயல வேண்டாம், டி.சி.யோடு சான்று பெற்ற நிறுவனத்திடம் வாங்குங்கள். மரச்செக்கு எண்ணெய் விற்கிறீர்கள் என்றால் கடலை யாருடையது என்று கேளுங்கள். செக்கில் ஆட்டியதாலேயே கடலை மருந்தில்லாமல் விளைந்ததாகிவிடாது. பாரம்பரிய ரகங்களும் அப்படித்தான், யூரியா போட்டு விளைவித்த கவுனியும் சந்தையில் இருக்கிறது. வெல்லம் பளபளவென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். காய்கறியில் காலிஃபிளவர், கேரட் எல்லாம் ஆண்டு முழுக்கத் தருகிறேன் என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் அந்த வாரம் என்ன வருகிறதோ, முருங்கை, பாகல், புடலை, கீரை, அதைப் பையாகக் கட்டி ஒரே விலைக்குக் கொடுங்கள். கத்தரிக்காயில் புழு இருந்தால் திட்டாமல் வெட்டிப் போட்டுச் சமைக்கும் குடும்பங்களில் ஆரம்பியுங்கள்.

"இல்லை" என்று சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு வருகிறேன். சிலர் போவார்கள். எல்லா ரகமும் எப்போதும் கிடைக்க வேண்டும், விலையும் மளிகைக்கடை விலையாக இருக்க வேண்டும் என்பவர்கள் போவார்கள். உங்கள் 150 பேரில் அப்படிப்பட்டவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன், நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறார்களே. குழந்தைக்கு, சர்க்கரை நோய் உள்ள அப்பாவுக்கு என்று நம்பி வாங்குகிறவர்கள் அவர்கள். "மாப்பிள்ளைச் சம்பா மாசியில் வரும், இப்போது பூங்கார் இருக்கிறது, சமைக்கும் விதம் இது" என்று கடை வாசலில் எழுதிப் போட்டால் அவர்கள் பூங்கார் வாங்கிக்கொள்வார்கள். அந்த 58 ரூபாய் அரிசியை ஒருமுறை அதே சாக்கில் போட்டு விற்று, அது வெளியில் தெரிந்தால், உங்கள் எட்டு விவசாயிகளின் உண்மையான நெல்லையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு விவசாயியின் அரிசியிலும் மாதிரி எடுத்து, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் பூச்சிக்கொல்லி எச்சம் பாருங்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் ஆகும். எட்டையும் பார்க்க முடியாவிட்டால் குலுக்கல் முறையில் இரண்டு எடுங்கள். முடிவைக் கடையில் ஒட்டுங்கள். எச்சம் வந்துவிட்டால் அந்த விவசாயியிடம் முதலில் போய்ப் பேசுங்கள். மேல்வயல் தண்ணீரா, பக்கத்து வயலில் ட்ரோனில் தெளித்ததா, அவரே போட்டாரா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

குறுவைக்குப் பேச வேண்டியவர்களிடம் வைகாசிக்குள் பேசிவிடுங்கள், சம்பாக்காரர்களிடம் ஆடி பிறப்பதற்குள். ஒப்பந்தத் தாளை எழுதி முடித்ததும் யாரிடமும் கையெழுத்து வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். விலை ஏற்ற இறக்கத்தைப் பற்றிய பத்தியையும், பயிர் போனால் முன்பணம் என்ன ஆகும் என்ற பத்தியையும் பார்த்து, திருத்தம் இருந்தால் எழுதி அனுப்புகிறேன்.